இசை சிடியைக் கோப்பாக்க எந்த மென்பொருள்?

இசை சிடிகளைக் கணினிக் கோப்புகளாக மாற்ற எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. சிடி டிரைவ் இல்லாத லேப்டாப்களும் சிடி பிளேயர் இல்லாத கார்களும் வந்த பிறகு அந்தக் கேள்விக்கு அவசரமும் கூடியிருக்கிறது. அலமாரியில் இருப்பவை மறுபடி கடையில் கிடைப்பவையாக இருந்தால் கவலையில்லை. ஆனால் தமிழ் வீடுகளில் இருக்கும் தட்டுகளைப் பாருங்கள். சென்னை டிசம்பர் சீசன் கச்சேரிகளை நேரடியாகப் பதிந்து சார்சுர் வெளியிட்டவை, ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் கொண்டுவந்த இளையராஜா தட்டுகள், ஊர்க் கோயில் விழாவுக்காகச் சில நூறு பிரதிகள் மட்டும் போட்ட பக்திப் பாடல்கள். இவற்றில் பல மறுபடி வெளிவரும் என்று நம்பக் காரணமில்லை.

ஆகவே இந்த வேலையை ஒரே தடவையில் சரியாகச் செய்துவிட வேண்டும். வேகம், தரும் வடிவங்களின் எண்ணிக்கை, திரையின் அழகு ஆகியவற்றை வைத்துத்தான் பெரும்பாலான பரிந்துரைகள் எழுதப்படுகின்றன. நான் முதலில் பார்ப்பது வேறு. தட்டில் இருப்பதைப் பிசகில்லாமல் படித்தோம் என்பதற்கு அந்த மென்பொருள் என்ன சான்று தருகிறது? படிக்க முடியாத இடத்தை மறைக்காமல் சொல்கிறதா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தட்டில் என்ன இருக்கிறது

விண்டோஸில் இசை சிடியைத் திறந்தால் ‘டிராக்01.சிடிஏ’, ‘டிராக்02.சிடிஏ’ என்று வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அவற்றை அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு, பாட்டு வரவில்லையே என்று திகைத்தவர்கள் பலர். எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பைத்தான் விண்டோஸ் அப்படிக் கோப்பு போலக் காட்டுகிறது. உண்மையில் இசை சிடியில் கோப்பு என்று ஒன்று கிடையாது.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் வகுத்த ‘ரெட் புக்’ விதிகளின்படி, ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவும் (சாம்பிள்) 16 பிட் எண்ணாக, இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியே பதிவாகிறது. ஒரு நொடி 75 செக்டர்களாகப் பிரிகிறது. ஒரு செக்டருக்கு 2,352 பைட். கணினித் தரவுக்கான சிடி-ராமில் செக்டர் இதே அளவுதான். ஆனால் அதில் தரவுக்கு 2,048 பைட் மட்டும் போக, மீதத்தில் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. இசை சிடியில் 2,352 பைட்டும் இசைக்கே போய்விடுகிறது. எனவே அந்த இரண்டாவது காப்பு அதற்கு இல்லை.

முதல் காப்பு இருக்கிறது. ரீட்-சாலமன் குறியீட்டின் மேல் கட்டிய ஒரு திருத்த முறை, தட்டின் தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு போனாலும் முழுதாக மீட்டுத் தரும். சேதம் அதைத் தாண்டினால், முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுவிடுவது பிளேயரின் வழக்கம். அதுவும் முடியாவிட்டால் அந்தக் கணத்தை ஒலியில்லாமல் விட்டுவிடும். 1982-ல் சந்தைக்கு வந்த, உட்கார்ந்து கேட்பதற்கான ஒரு கருவிக்கு இது மிக நல்ல ஏற்பாடு. நிரந்தரப் பிரதி எடுக்கும்போது அதே ஏற்பாடுதான் ஆபத்து. ஊகித்த எண்ணும் உண்மையான எண்ணும் கோப்புக்குள் ஒன்றுபோலவே உட்கார்ந்துகொள்ளும்.

கீறலைத் தவிர வேறு சிக்கல்களும் உண்டு. ஒரே இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னால், பல டிரைவ்கள் தட்டைத் தொடாமலேயே தம் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய விடையைத் திருப்பித் தந்துவிடும். அந்த நினைவகத்தை ஏமாற்றத் தெரியாத மென்பொருள் இரண்டு தடவை சரிபார்த்தேன் என்று சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. இன்னொன்று ஆஃப்செட். ஒவ்வொரு மாடல் டிரைவும் சில சாம்பிள்கள் முன்னதாகவோ பின்னதாகவோ படிக்கத் தொடங்கும். சிலவற்றுக்கு +6, சிலவற்றுக்கு +102, சிலவற்றுக்கு +667 என்று திருத்தம் கொடுக்க வேண்டும். 667 சாம்பிள் என்பது ஒரு நொடியில் 0.015 பங்குதான், காதுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பிரதிகளை எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டுமென்றால் இதைச் சரிசெய்யாமல் முடியாது.

சான்று மூன்று வகை

படித்தது சரி என்று மென்பொருள் எப்படி அறிகிறது? முதல் வழி, திரும்பத் திரும்பப் படிப்பது. ஆந்த்ரே வீதோஃப் என்ற ஜெர்மானியர் 1998-ல் வெளியிட்ட எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக இஏசி, ஒவ்வொரு செக்டரையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பதினாறு பதினாறு முறையாகப் படித்து, அவற்றில் எட்டு ஒரே விடையாக வருகிறதா என்று பார்க்கும். மிக மோசமான இடத்தில் ஒரு செக்டரை 82 முறை வரை படிக்கக்கூடும். லினக்ஸ் உலகில், ஆக் வோர்பிஸ் வடிவத்தை உருவாக்கிய கிறிஸ்டோபர் மான்ட்கோமரி எழுதிய சிடி பேரனோயா, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பகுதி பகுதியாகப் படித்து ஒட்டுகளைச் சரிபார்க்கிறது.

இரண்டாவது வழி, டிரைவையே கேட்பது. திருத்த முடியாத பிழை வந்தால் ‘சி2’ என்ற கொடியைக் காட்டும் வசதி பல டிரைவ்களில் உண்டு. ஆனால் எல்லா டிரைவும் அதை ஒழுங்காகக் காட்டுவதில்லை. மூன்றாவது, என் கருத்தில் மிக வலுவானது, மற்றவர்களின் பிரதியோடு ஒப்பிடுவது. டிபி பவர்ஆம்ப் மென்பொருளைத் தயாரிக்கும் இல்லஸ்ட்ரேட் நிறுவனத்தின் ஆக்யூரேட்ரிப் தொகுப்பில், உலகெங்கும் உள்ளவர்கள் எடுத்த பிரதிகளின் சரிபார்ப்பு எண்கள் இருக்கின்றன. முன்பின் அறியாத பத்துப் பேர், பத்து டிரைவ்களில், அதே தட்டிலிருந்து எடுத்த எண் உங்கள் எண்ணோடு பொருந்தினால் அதற்கு மேல் சந்தேகப்பட எதுவுமில்லை. கியூ டூல்ஸ் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் மீட்புத் தரவும் சேர்ந்து இருப்பதால், சிறு சேதமுள்ள பிரதியைச் சில சமயம் திருத்தியே தந்துவிடும்.

தமிழ்த் தட்டு வைத்திருப்பவருக்கு வரும் சிக்கல் இந்த மூன்றாவது வழியில்தான். உலகப் புகழ் பெற்ற ஆல்பங்களுக்கு நூற்றுக்கணக்கில் பொருத்தம் காட்டும் தொகுப்பு, சிறு நிறுவனம் வெளியிட்ட ஒரு கர்நாடக இசைத் தட்டுக்கு ‘தகவல் இல்லை’ என்று கைவிரித்துவிடும். நமக்கு முன் யாரும் அதைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். பொருத்தம் இல்லை என்று வந்தாலும் உடனே பதற வேண்டாம். அதே ஆல்பம் வேறு ஆலையில், வேறு ஆண்டில் அச்சாகியிருந்தால் எண்கள் மாறலாம்.

ஆகையால் தமிழ்த் தொகுப்புகளுக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது, பிறர் உதவியின்றித் தானே சான்று உண்டாக்கக்கூடியதா என்பதுதான் தீர்மானிக்க வேண்டிய விஷயம். இஏசியில் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்ற கட்டளை இருக்கிறது. ஒரு டிராக்கை முழுதாகப் படித்து எட்டு இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்றை எழுதும். மறுபடி முழுதாகப் படித்து இன்னொரு எண்ணை எழுதும். இரண்டும் ஒன்றானால் நல்லது. ஆனால் ஒரே டிரைவ் ஒரே தவற்றை இரண்டு முறையும் செய்யலாம். அதனால் முக்கியமான தட்டுகளை இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் டிரைவ்களில், ஆஃப்செட்டைத் திருத்திக்கொண்டு எடுத்துப் பார்ப்பதை நான் வலியுறுத்துவேன். இரண்டு லென்ஸ், இரண்டு மோட்டார், இரண்டு விதமான ஊக முறை; அப்படியும் எண் ஒன்றாக வந்தால் அது தட்டில் உள்ள எண்தான்.

என்னிடம் உள்ள ஒரு கச்சேரித் தட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பிரதான உருப்படி உள்ள டிராக்கில், தட்டின் சுற்றுப்போக்கிலேயே ஒரு மெல்லிய கீறல். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்கே ஓடும் கீறலைவிட, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் கொடியது. அதில் தரவு விடாமல் அழிந்துகொண்டே போகும். அந்த இடம் வந்ததும் படிக்கும் வேகம் ஒரு மடங்குக்கும் கீழே இறங்கியது. டிரைவ் உறுமி நின்று, பின்வாங்கி, மறுபடி படித்தது. முடிவில் அறிக்கையில் ‘சந்தேகத்துக்குரிய இடம்’ என்று நிமிடமும் நொடியும் போட்டு ஒரு வரி. கோப்பில் அந்த நொடியைப் போட்டுக் கேட்டால் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருக்கிறது. மிருதங்கச் சொற்களின் நடுவே அந்தப் பிழை கலந்துவிட்டதால் எது அடி, எது பிழை என்று காதால் பிரிக்கவே முடியவில்லை. இதே பிழை ஆலாபனையில், தம்பூரா மட்டும் கேட்கும் ஒரு இடைவெளியில் விழுந்திருந்தால் ‘டிக்’கென்று தெரிந்திருக்கும். காதை மட்டும் நம்பியிருந்தால் பிழையுள்ள கோப்பையே நல்ல பிரதியாக வைத்திருப்போம். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, வேறு டிரைவில் போட்டதும் இரண்டு எண்களும் பொருந்தின. அந்த ஒரு வரி அறிக்கை இல்லையென்றால் துடைத்துப் பார்க்கவே தோன்றியிருக்காது.

எது யாருக்கு

கணினியோடு வரும் மென்பொருள்களை முதலில் சொல்லிவிடலாம். ஆப்பிளின் ஐடியூன்ஸிலும், 2019-க்குப் பிறகு மேக்கில் அதன் இடத்துக்கு வந்த மியூசிக் செயலியிலும் சிடியை எடுக்க முடியும். விண்டோஸ் மீடியா பிளேயரிலும் முடியும். விண்டோஸ் 11-ன் புதிய மீடியா பிளேயர், ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்திலும் தருகிறது. ஐடியூன்ஸ் அமைப்புகளில் ‘பிழை திருத்தத்துடன் படி’ என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் கட்டாயம் தேர்வு செய்ய வேண்டும். ஆனாலும் டிராக் வாரியான சரிபார்ப்பு அறிக்கை எதையும் இவை கையில் தருவதில்லை. கீறலே இல்லாத புதுத் தட்டை நடைப்பயிற்சியின்போது கேட்க எடுக்கிறீர்கள் என்றால் போதும். பாதுகாத்து வைக்க வேண்டிய தொகுப்புக்கு இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸில் காசு செலவழிக்காமல் செய்ய இஏசிதான். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். முதல் முறை திறக்கும்போது டிரைவின் இயல்புகளைக் கண்டறியும் சோதனை, ஆஃப்செட், கோப்புப் பெயர் அமைப்பு, ஃபிளாக் மாற்றியின் இருப்பிடம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மாலை ஒதுக்கிப் பொறுமையாக அமைத்துவிட்டால் பிறகு தட்டை மாற்றுவது மட்டும்தான் வேலை. இந்த அமைப்பு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு கியூ டூல்ஸோடு வரும் கியூ ரிப்பர் எளிது. ஏற்கெனவே ஃபூபார்2000-ல் பாட்டுக் கேட்பவர்கள் அதிலேயே எடுக்கலாம். அதுவும் ஆக்யூரேட்ரிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும்.

டிபி பவர்ஆம்ப் காசு கொடுத்து வாங்க வேண்டியது. நூற்றுக்கணக்கில் தட்டுகள் வைத்திருப்பவருக்கு அந்தக் காசு வீண் போகாது. சி2 கொடியையும் மறுவாசிப்பையும் சேர்த்துப் பயன்படுத்துவதால் நல்ல தட்டுகளை விரைவாக முடித்து, சேதமான இடங்களில் மட்டும் நின்று போராடும். பாட்டு விவரங்களைப் பல தொகுப்புகளிலிருந்து திரட்டி ஒப்பிட்டும் காட்டும். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடுகிறது. மேக் வைத்திருந்து செலவு வேண்டாம் என்றால் எக்ஸ்எல்டி இருக்கிறது. இலவசம், அதன் அறிக்கை இஏசி அறிக்கைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

லினக்ஸில் விப்பர். திரை அழகு ஏதுமில்லாத கட்டளை வரி நிரல். டிரைவின் ஆஃப்செட்டைத் தானே கண்டுபிடிக்கும், ஆனால் அதற்கு ஆக்யூரேட்ரிப்பில் ஏற்கெனவே பதிவான ஒரு தட்டு கையில் இருக்க வேண்டும். இதற்காகவாவது புகழ்பெற்ற ஆங்கில ஆல்பம் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பட்டன் அழுத்தி வேலை செய்ய விரும்புபவர்களுக்கு அசண்டர், சவுண்ட் ஜூஸர் உண்டு. எடுப்பது எளிது, சான்று குறைவு. மூன்று இயங்குதளங்களிலும் ஓடும் திறந்த மூல ஃப்ரீ ஏசி, சிடி பேரனோயா முறையில் படிக்க வழி தருகிறது. வடிவம் மாற்றும் வேலைக்கு நான் அதையே முதலில் சொல்வேன்.

எந்த வடிவம்

மூலப் பிரதிக்கு ஃபிளாக் போதும், வேறு யோசனை வேண்டாம். ஜாஷ் கோல்சன் எழுதி 2001-ல் முழுப் பதிப்பாக வந்த இந்த வடிவம், ஒரு பிட்கூட விடாமல் சுருக்குகிறது. ஒரு மணி நேர சிடி ஒலி சுருக்காமல் ஏறத்தாழ 635 மெகாபைட். ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேலே வரும். 0 முதல் 8 வரையுள்ள சுருக்க நிலைகளில் எதை எடுத்தாலும் ஒலி ஒன்றுதான், மாறுவது கோப்பின் அளவும் கணினி எடுக்கும் நேரமும் மட்டுமே. ஒலித் தரவின் கைரேகை போன்ற ஒரு எண்ணும் கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், பத்து ஆண்டு கழித்தும் வட்டில் கோப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்க முடியும். ஆப்பிள் கருவிகளை மட்டும் பயன்படுத்துபவர்கள் ஏலாக் வடிவத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இழப்பற்றவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

நேராக எம்பி3 ஆக எடுப்பதில் கச்சேரி கேட்பவர்கள் உடனே உணரக்கூடிய ஒரு குறை உண்டு. ராகம், தானம், பல்லவி மூன்றையும் தனித்தனி டிராக்காகப் பிரித்திருப்பார்கள், ஆனால் இசை இடைவெளியில்லாமல் ஓடும். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக வெட்டுவதால், டிராக்கின் நுனிகளில் மௌனத்தை இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்பூரா ஒரு கணம் அறுந்து மீளும். எம்பி3 உருவாக்கும் லேம் என்ற மாற்றி அந்த நிரப்பலின் அளவைக் குறித்து வைக்கிறது. பல கார் ஸ்டீரியோக்கள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. ஃபிளாக்கில் இந்தப் பிரச்சினையே எழாது. காருக்கு எம்பி3-தான் வேண்டுமென்றால் ஃபிளாக்கிலிருந்து ஒரு தனிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

பெயர்கள்

சிடியில் பொதுவாகப் பாட்டின் பெயர் இருக்காது. டிராக்குகளின் தொடக்க இடங்களை வைத்து ஒரு அடையாள எண்ணைக் கணக்கிட்டு, இணையத் தொகுப்பில் தேடித்தான் மென்பொருள் பெயர் போடுகிறது. இதைத் தொடங்கி வைத்தது சிடிடிபி. அதைத் தன்னார்வலர்கள்தான் நிரப்பினார்கள். பிறகு அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமானது. அதற்கு மாற்றாக எழுந்த ஃப்ரீடிபி 2020-ல் மூடப்பட்டது. பழைய மென்பொருள் ஒன்றில் பெயரே வரவில்லை என்றால் அது இன்னமும் அந்த முகவரியைத் தேடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பழைய முறையில் இரு வேறு தட்டுகளுக்கு ஒரே எண் வருவதும் உண்டு. திருப்புகழ்த் தட்டைப் போட்டால் ஏதோ ஐரோப்பிய ஆல்பத்தின் பெயர் வந்து நிற்பது அதனால்தான்.

இன்று நம்பத்தக்கது மியூசிக்பிரெய்ன்ஸ். அதில் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யலாம். தட்டு அங்கே இல்லாவிட்டால் உறையைப் பார்த்து நாமே சேர்த்துவிட வேண்டும். அடுத்து அதே தட்டைப் போடுபவருக்கு அது கிடைக்கும். விவரங்களை எழுதும்போது மேலைப் பாப் இசைக்காக வகுத்த ‘கலைஞர்’, ‘ஆல்பம்’ என்ற இரண்டு புலங்களோடு நிறுத்திவிடக் கூடாது. பாடியவர், இயற்றியவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், திரைப்பாடலானால் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எனத் தனித்தனியாக வைக்க வேண்டும். ஃபிளாக்கின் குறிப்புப் பகுதியில் ‘ராகம்’ போன்ற புதுப் புலத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள முடிவது பெரிய வசதி. அப்படிச் செய்து வைத்த தொகுப்பில், கையில் உள்ள தோடிகளை மட்டும் ஒரே சொடுக்கில் வரிசையாகக் கேட்கலாம். குறிப்புகளைத் தமிழிலும் கோப்புப் பெயரை எண்ணும் ஆங்கில எழுத்துமாகவும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும், ஏனெனில் தமிழ்ப் பெயர்களை வெறும் கட்டங்களாகக் காட்டும் கார் பிளேயர்கள் இன்னும் இருக்கின்றன. பாடகர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை மாற்றாமல் பிடித்துக்கொள்வதும் அவசியம்.

சட்டத்தைப் பற்றிய தயக்கத்துக்கு ஒரு வரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டிலிருந்து தனக்காக எடுத்துக்கொள்வதற்கும் அந்தக் கோப்பை ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்தால் போதும்.

தட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது கடையில் விற்ற ‘ஒரே சிடியில் 150 பாடல்கள்’ வகையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அவற்றில் இருப்பது ஏற்கெனவே எம்பி3 கோப்பு. அப்படியே நகலெடுத்தால் முடிந்தது, இங்கே சொன்ன எந்த மென்பொருளும் தேவையில்லை. ஆடியோ கடைகளில் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுத்த தட்டுகளைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். சாதாரண பிளேயரில் ஓடினாலும் அவற்றில் பல எம்பி3-யிலிருந்து எழுதப்பட்டவை. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் அலைமாலையை (ஸ்பெக்ட்ரம்) பார்த்தால், ஒலி 16 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியதுபோல நின்றிருக்கும். அதை ஃபிளாக்காக எடுத்தாலும் போன ஒலி திரும்பாது, ஆனால் மறுபடி ஒரு இழப்பு சேராமல் தடுக்கலாம்.

ஆலையில் அச்சான தட்டில் தரவு பள்ளங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலும் கடையிலும் எழுதிய சிடி-ஆரில் அது சாயத்தில்தான் இருக்கிறது, வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். எந்த வரிசையில் எடுப்பது என்று கேட்டால், தாத்தாவின் கதாகாலட்சேபம், அக்காவின் அரங்கேற்றம் என்று மார்க்கர் பேனாவால் எழுதிய சிடி-ஆர்களை முதலில் எடுங்கள். அதற்கடுத்து சிறு நிறுவனங்களின் கச்சேரித் தட்டுகள். எல்லோரிடமும் இருக்கும் திரைப்படத் தட்டுகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அந்தத் தட்டின் அறிக்கைக் கோப்பும் உறையின் ஸ்கேனும் சேர்ந்தே இருக்கட்டும். முழுத் தொகுப்புக்கும் இன்னொரு வன்தட்டில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள்.